அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள்

கனகரத்தினம் சேரிடமிருந்து மின்னஞ்சல் வந்த அன்று அன்ரோனெற் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை. இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, ஜூன் மாதம். சண்டை முடிந்து ஊர் திரும்பும் குடும்பங்களின் விபரங்களைப் பதியும் ஒரு தொண்டு நிறுவனத்தில், மன்னார்ப் பட்டினத்தில், அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். வயது நாற்பத்து நான்கு. நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருக்கிறவளுக்கு மின்னஞ்சல் ஒன்றும் புதிதல்ல. ஆனால் அந்தப் பெயரைத் திரையில் பார்ப்பாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

சேர் சுருக்கமாகத்தான் எழுதியிருந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றுவிட்டாராம். அறையை ஒழிக்கும்போது தொண்ணூறாம் ஆண்டு மன்னார்க் கணக்கெடுப்பின் கோப்பு அகப்பட்டதாம். இருபத்தொரு வருசமாக யார் யாரோ அதை ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைத் திறக்கிற பழைய மென்பொருள் இப்போது அங்கே ஒருவரிடமும் இல்லை. "இது நீங்கள் இருவரும் செய்த வேலை. உம்மிடம் இருக்கட்டும். கைருன்னிசா எங்கே இருக்கிறா என்று தெரியுமா?" என்று முடித்திருந்தார்.

தெரியாது என்று பதில் எழுதப் போய், எழுதாமல் விட்டுவிட்டாள்.

தொண்ணூறாம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களைப் பற்றி மன்னாரில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்தவைதான் எல்லாருக்கும் ஞாபகம். இந்தியப் படை கப்பலேறிக்கொண்டிருந்தது. அடுத்த சண்டை இன்னும் தொடங்கவில்லை. பஸ் ஓடியது, மின்சாரம் இருந்தது, கடலுக்குப் போனவர்கள் போன நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். அந்த இடைவெளிக்குள்தான் கனகரத்தினம் சேர் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வீட்டைக் கந்தோருக்கென்று வாடகைக்கு எடுத்து, மன்னார்த் தீவின் வடகரையில் உள்ள மீன்பிடிக் குடும்பங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். கணிதத்தில் உயர்தரம் பாஸ் பண்ணிய இரண்டு பெண்பிள்ளைகளை வேலைக்கு எடுத்தார். ஒருத்தி ஓலைத்தொடுவாய் அன்ரோனெற். மற்றவள் எருக்கலம்பிட்டி கைருன்னிசா. அன்ரோனெற் முதலிலே பஸ் ஏறிவிடுவாள். பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு வருவாள். எருக்கலம்பிட்டிச் சந்தியில் கைருன்னிசா ஏறியதும் பை மடிக்கு வந்துவிடும்.

கணினி வந்து சேர்ந்தபோது அதை இருவரும் படுக்கை விரிப்பால் மூடி வைத்தார்கள், உப்புக் காற்றுக்குப் பயந்து. புள்ளிவிபர மென்பொருள் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் பதினொரு புளொப்பித் தட்டுகளாக வந்திருந்தது. ஒன்றிலிருந்து பதினொன்று வரை ஒவ்வொன்றாகப் போட்டால் சரி என்று சொல்லிவிட்டுச் சேர் பேராதனைக்குப் போய்விட்டார். ஆறாவது வரைக்கும் நன்றாகத்தான் போனது. ஏழாவதைப் போட்டதும் கணினி கரகரவென்று சத்தம் போட்டு, வாசிக்க முடியவில்லை என்றது. எடுத்துத் துடைத்துப் போட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே வைத்து உலர்த்திப் போட்டார்கள். அன்ரோனெற் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துவிட்டும் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கொழும்பிலிருந்து வேறு தட்டு வர மூன்று கிழமையாகும் என்று பதில் வந்தது.

கைருன்னிசா மூன்று கிழமை பார்த்துக்கொண்டிருக்கிறவள் இல்லை. மென்பொருளோடு வந்த தடித்த புத்தகத்தை மடியில் வைத்து, பக்கத்தில் அகராதியையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வாசித்தாள். மூன்றாம் நாள் காலை பஸ்ஸிலேயே விசயத்தைச் சொன்னாள். ஏழாவது தட்டில் இருப்பது வரைபடம் கீறுகிற பகுதி மட்டும்தானாம். தொடக்கத்தில் என்னென்ன பகுதி வேண்டும் என்று கேட்கும்போது அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், கணினி ஏழாவதைக் கேட்கவே கேட்காதாம். அப்படியே செய்தார்கள். ஆறுக்குப் பிறகு எட்டைக் கேட்டது. பதினோராவது முடிந்து கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மின்னத் தொடங்கியபோது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கதிரையைச் சுற்றி ஆடினார்கள். வரைபடங்களை மட்டும் கடைசிவரை கையால்தான் கீறவேண்டியிருந்தது. கைருன்னிசா அளவு சொல்ல, அன்ரோனெற் கட்டம் போட்ட தாளில் கீறினாள்.

காலையில் வீடு வீடாக நடப்பார்கள். பின்னேரம் வந்து தட்டச்சுச் செய்வார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. குடும்பத் தலைவர் பெயர், ஆட்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் வயது என்ன, ஓலைக் கூரையா ஓட்டுக் கூரையா, கிணறு உண்டா, வள்ளம் உண்டா, வலை என்ன வலை. பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் இடமில்லை. ஆசியா உம்மா சரியாக எட்டெழுத்துக்குள் அடங்கினார். சாஹுல் ஹமீட் பாதியில் வெட்டுப்பட்டு நின்றார். அமிர்தநாயகம் அமிர்தனாகவே முடிந்துபோனார். யார் யார் எப்படி வெட்டுப்பட்டார்கள் என்று பார்த்துச் சிரிப்பதே பின்னேர வேலையில் பாதியாக இருந்தது.

அந்த வருசம் தவக்காலமும் நோன்பும் ஒன்றாக வந்தன. இருவரும் பசியோடு கணினிக்கு முன்னால் இருந்து, ஒருத்தி வாசிக்க ஒருத்தி தட்டுவாள். எண்கள் பிழைத்தால் பசியின்மேல் பழியைப் போடுவார்கள். மறுநாள் காலை கைருன்னிசா பஸ் ஏறும்போது, முதல்நாள் நோன்பு திறந்த வீட்டிலிருந்து அன்ரோனெற்றுக்கென்று எடுத்து வைத்த பலகாரம் ஏதாவது கடதாசியில் சுற்றிக் கையில் இருக்கும்.

மே மாதக் கடைசியில் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் முடிந்தன. பேராதனையில் இருந்த பெரிய கணினி இவர்களுடைய கோப்பை வாசிக்க மறுத்தது. அதற்கும் கைருன்னிசாதான் புத்தகத்தைப் புரட்டினாள். எந்த ஊர்க் கணினிக்கும் விளங்கக்கூடிய பொது வடிவம் ஒன்றில் கோப்பை மாற்றி எழுத ஒரு கட்டளை இருந்தது. மாற்றி, இரண்டு தட்டுகளில் பிரதி எடுத்து, சேரின் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பத்துப் பதினைந்து நாளில் சண்டை தொடங்கியது. மின்சாரம் நின்றது. கந்தோரைப் பூட்டினார்கள்.

ஒக்டோபர் கடைசியில், தீவில் உள்ள முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று தமிழ்ப் போராளி இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. செய்தி ஓலைத்தொடுவாய்க்கு வந்தபோது அன்ரோனெற் தகப்பனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். எருக்கலம்பிட்டிச் சந்தியில் துவக்கோடு நின்ற இயக்கக்காரர் மறித்தார்கள். உள்ளுக்குப் போக ஏலாது, வீட்டுக்குப் போங்கோ என்றார்கள். அவள் திரும்பிவிட்டாள். கடற்கரையோரமாகப் போக வேறு பாதை இருந்தது. அவளுக்கு அது தெரியும், கணக்கெடுக்கப் போனபோது எத்தனையோ தரம் நடந்த பாதை. ஆனால் போகவில்லை. எருக்கலம்பிட்டிச் சனங்களைப் படகுகளில் ஏற்றிக் கற்பிட்டிப் பக்கம் அனுப்பினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். சந்தியோடு திரும்பியதை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

சேரின் கோப்பைத் திறக்க அவளுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ‘ஆர்’ என்று ஒரு புள்ளிவிபர மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பழைய மென்பொருள்களின் கோப்புகளையும் அது வாசிக்கும் என்று வவுனியாவில் நடந்த பயிற்சி ஒன்றில் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை வீட்டில் மடிக்கணினியைத் திறந்து, இணைய டொங்கிளைச் செருகி, இறக்கத் தொடங்கினாள். வீட்டுக்குள் சிக்னல் பிடிக்கவில்லை. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லின்மேல் பலகையைப் போட்டுக் கணினியை வைத்தால் பிடித்தது. எண்பது வீதத்தில் ஒருதரம் அறுந்தது, தொண்ணூற்றில் ஒருதரம். மூன்றாம் முறை முழுவதும் வந்து சேர்ந்தது. பிறகு அதை நிறுவ ஐந்து நிமிசம்கூடப் பிடிக்கவில்லை. ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்தியதோடு சரி. அவ்வளவு சுலபமாக முடிந்தது அவளுக்கு ஏனோ ஒரு குறையாக இருந்தது.

ஆனால் கோப்பு திறக்கவில்லை. இது நான் வாசிக்கிற வகையல்ல என்று ‘ஆர்’ சிவப்பு எழுத்தில் சொல்லியது. இரண்டு நாள் தேடி வாசித்ததில் காரணம் பிடிபட்டது. கணினி விட்டுக் கணினி மாற்றும்போது எங்கோ ஒரு முறை, கோப்பை உள்ளபடியே அனுப்பாமல் சாதாரண எழுத்துக் கடிதம்போல அனுப்பியிருக்கிறார்கள். அப்படி அனுப்பினால் ஒவ்வொரு வரியின் முடிவும் வழியில் மாறிவிடும், பிறகு மென்பொருளுக்கு அது விளங்காது. அவள் சேருக்கு எழுதிக் கேட்டாள், இதற்கு முந்திய பிரதி எங்கேயாவது இருக்கிறதா, இருந்தால் திறந்து பார்க்காமல் அப்படியே ‘சிப்’ பண்ணிப் பொதியாக அனுப்புங்கோ என்று. நாலாம் நாள் வந்தது. மறுபடி கிணற்றடியில் வைத்து ஒரு கட்டளை அடித்தாள்.

திறந்துகொண்டது. எத்தனை வரி என்று கேட்டாள். அறுநூற்றுப் பன்னிரண்டு என்று பதில் வந்தது.

பெயர்களை ஓடவிட்டுப் பார்த்தாள். பாதியில் வெட்டுப்பட்ட அத்தனை பேரும் வரிசையாக மேலே போனார்கள். மழைத் தூறல் விழுந்து கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடும்வரை அவள் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

அடுத்த கிழமை அப்துல் றசாக் என்றொரு வியாபாரி பதிவுக்காக அவளுடைய கந்தோருக்கு வந்தார். எருக்கலம்பிட்டிக்குத் திரும்பிய முதல் ஆட்களில் ஒருவர். பதிவெல்லாம் பிரச்சினையில்லை, காணிதான் பிரச்சினை என்றார். அவருடைய தெருவில் அத்திவாரம்கூடத் தெரியாமல் முள்ளு உடைமரம் மூடிக் கிடக்கிறது, வேலி இல்லை, உறுதிப் பத்திரம் பலரிடம் இல்லை, எந்த வளவு எங்கே முடிந்தது என்று சொந்தக்காரருக்குள்ளேயே சச்சரவு. கதையோடு கதையாக அன்ரோனெற் கைருன்னிசாவைப் பற்றிக் கேட்டாள். அபூசாலி நானாவுடைய மகளா, அவ புத்தளத்தில் ரீச்சர், என்று சொல்லி அப்துல் றசாக் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தார்.

அந்தத் துண்டை நான்கு நாள் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சமையலையும் முடித்து, இனிச் செய்ய வேலையொன்றும் இல்லை என்றானபின் அந்த இலக்கத்துக்கு எடுத்தாள். தான் யாரென்று சொன்னாள்.

"அன்ரோனெற்றா? பஸ்ஸில இடம் பிடிக்கிற அன்ரோனெற்றா?"

"ஓம், கைரு."

பிள்ளைகள், கணவன்மார், இறந்துபோனவர்கள் என்று எல்லாவற்றையும் பத்து நிமிசத்துக்குள் கேட்டுச் சொல்லி முடித்தார்கள். கைருன்னிசாவின் வாப்பா புத்தளத்தில் காலமாகிவிட்டார். பிறகு அன்ரோனெற் கோப்பைப் பற்றிச் சொன்னாள். கைருன்னிசா உடனே தனக்கு அனுப்பச் சொன்னாள். வரிகளை அச்சடித்து அனுப்பவா என்று கேட்டதற்கு, தாள் வேண்டாம், கோப்பே வேண்டும், மகளின் கணினி வீட்டில் இருக்கிறது, அந்த மென்பொருளை எப்படி ஏற்றுவது என்று நீ சொல்லு, நான் செய்கிறேன் என்றாள்.

அன்ரோனெற் சொல்லச் சொல்லக் கைருன்னிசா புத்தளத்தில் செய்தாள். இணைய முகவரியை அன்ரோனெற் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொன்னாள். இறக்கம் தொடங்கியது. இன்னும் நாற்பது நிமிசம் என்று காட்டுவதாகக் கைருன்னிசா சொன்னாள்.

"இத்தனையாவது தட்டைப் போடு எண்டு கேக்கேல்லயே?"

"கேக்காது. இப்ப தட்டே இல்லை."

"அப்ப அது முடியும் மட்டும் கதைப்பம்."

ஆனால் இருவருக்கும் கதை ஓடவில்லை. பத்து வீதம் என்றாள் கைருன்னிசா. கொஞ்சம் பொறுத்துப் பதினாறு என்றாள். ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டிவருமே என்றுதான் தான் நான்கு நாள் தொலைபேசி எடுக்காமல் இருந்தது அப்போதுதான் அன்ரோனெற்றுக்கே விளங்கியது.

"கைரு, அண்டைக்கு நான் வந்தனான்."

"எண்டைக்கு?"

"உங்களை அனுப்பின கிழமை. சந்தி மட்டும் வந்தனான். மறிச்சவங்கள். திரும்பிட்டன். கடற்கரைப் பாதையால வந்திருக்கலாம். எனக்குப் பயம். வரேல்லை."

அந்தப் பக்கத்தில் யாரோ கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்," என்றாள் கைருன்னிசா. "கடற்கரையில ரெண்டு நாள் வெயிலுக்க கிடந்தம். நீ வருவா எண்டு உம்மாட்டச் சொன்னனான். உம்மா சொன்னா, அந்தப் பிள்ளை வந்தா அதுக்கும் கரைச்சல், வராம இருக்க துஆ கேள் எண்டு. நான் கேக்கேல்லை. நீ வரவேணும் எண்டுதான் கேட்டனான். கன காலம் உன்னோட கோவம்."

"இப்பவும் கோவமா?"

"தெரியேல்லை. நாப்பத்தெட்டு வீதம்."

அதற்குப் பிறகு அழுகை வந்தது, முதலில் அன்ரோனெற்றுக்கு. இறக்கம் முடியும்வரை அழுவதும் மூக்கைத் துடைப்பதும் இடையிடையே வீதம் சொல்வதுமாகப் போனது. அறுபத்தொன்றில் கைருன்னிசா தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். எண்பதில், சந்திக்கு நீ எதில் வந்தாய் என்று கேட்டாள். அப்பாவின் சைக்கிளில் என்றதும், அந்தப் பெரிய சைக்கிளிலா, உனக்குக் கால் எட்டாதே என்றாள்.

மென்பொருள் ஏறியது. அன்ரோனெற் கோப்பை ‘சிப்’ பண்ணி மின்னஞ்சலில் அனுப்பினாள். புத்தளத்தில் கைருன்னிசா கட்டளையை அடித்தாள். ஒரு காற்புள்ளி தவறி முதலில் பிழை காட்டியது. இரண்டாம் முறை திறந்தது. அபூசாலி என்ற பெயரைத் தேடினாள். ஆட்கள் ஒன்பது, ஓட்டுக் கூரை, கிணறு ஒன்று, வள்ளம் இரண்டு. சொந்த வீட்டுக்குத் தானே கேள்வி கேட்கக் கூடாது என்பதால் அந்த வீட்டை அன்றைக்கு எழுதியது அன்ரோனெற்தான். வாப்பா பதில் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"எனக்கு என்ன பத்தொன்பது வயசெண்டு கிடக்கு? அப்ப எனக்கு இருவத்தொண்டல்லோ?"

"உன்ர வாப்பா அப்பிடித்தான் சொன்னவர். எனக்குத் தெரியும் பிழையெண்டு. மாப்பிளை பாத்துக்கொண்டிருந்தவை, நான் என்னத்தச் சொல்ல?"

கைருன்னிசா சிரித்தாள். அன்ரோனெற்றுக்குப் பழக்கமான அதே சிரிப்பு, நடுவில் ஒருதரம் மூச்சு வாங்கித் தொடர்கிற சிரிப்பு. பிறகு பெயர்களை மேலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசித்துக்கொண்டே போனவள் நிறுத்தி, இது என்ன ஆசியா உம்மாவுக்குப் பக்கத்தில் அந்தோனிமுத்து இருக்கிறார், அவர் ஓலைத்தொடுவாய்க்காரர் அல்லவா என்றாள். பேராதனையில் யாரோ பெயர் வரிசைப்படி அடுக்கிவிட்டார்கள் என்றாள் அன்ரோனெற். தொடர் இலக்கப் பத்தி இருக்கிறதா என்று கைருன்னிசா கேட்டாள். இருந்தது. அந்த இலக்கத்தின்படி திரும்ப அடுக்கச் சொன்னாள். அன்ரோனெற் கட்டளையைச் சொல்ல, இருவரும் தங்கள் தங்கள் கணினியில் அடுக்கினார்கள்.

அடுக்கிவிட்டுப் பார்த்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவர்கள் வீடு வீடாக நடந்த வரிசையிலேயே இலக்கம் போட்டிருந்தார்கள். பள்ளிவாசலடியில் தொடங்கி, தெருவின் இடப்பக்கமாகக் கடற்கரை வரை போய், வலப்பக்கமாகத் திரும்பி வருவது. யாருக்குப் பக்கத்தில் யார், கிணறு யாருடைய வளவில், ஒழுங்கை எந்த இரண்டு வீட்டுக்கு நடுவில் என்று எல்லாம் அந்த வரிசைக்குள் இருந்தது. அன்ரோனெற் அப்துல் றசாக்கின் காணிச் சச்சரவைச் சொன்னாள். ஓகஸ்ட் விடுமுறைக்குத் தான் வருவதாகக் கைருன்னிசா சொன்னாள்.

சொன்னபடி வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் பருத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். பட்டினத்துப் பஸ் நிலையத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல், கோப்பின் தாள்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அன்ரோனெற் எல்லாவற்றையும் இலக்க வரிசையில் அச்சடித்துத் தைத்து வைத்திருந்தாள்.

எருக்கலம்பிட்டியில் அப்துல் றசாக்கும் ஊர்க்காரர் ஏழெட்டுப் பேரும் கத்தியோடும் கயிற்றோடும் நின்றார்கள். பள்ளிவாசல் மூலையிலிருந்து முதலாம் இலக்கம். கைருன்னிசா பெயர் வாசிக்க, அவர்கள் புதர் வெட்டினார்கள். சில இடத்தில் அத்திவாரக் கல் அகப்பட்டது. சில இடத்தில் தூர்ந்த கிணறு அகப்பட்டது, தாளில் கிணறு என்று இருந்த வளவில்தான். அப்படி அகப்படும்போதெல்லாம் கூட நின்றவர்கள் அந்த வீட்டுக்காரரைப் பற்றிப் பேசத் தொடங்கி, வேலை நின்றுபோகும். சாஹுல் ஹமீடின் வளவில் அவருடைய மகன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். எழும்ப நேரமானது. இந்தத் தாள் உறுதிப் பத்திரம் ஆகாது என்று அன்ரோனெற் முதலிலேயே எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் சச்சரவுப்பட்டவர்கள் தாளைப் பார்த்துத் தங்களுக்குள் ஒத்துப்போனார்கள். இரண்டு சகோதரர்கள் மட்டும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் தொண்ணூறுக்கு முன்னமே ஒத்துப்போனதில்லை என்று அப்துல் றசாக் சொன்னார்.

மூன்றாம் நாள் கைருன்னிசாவின் வளவுக்கு வந்தார்கள். ஒரு பக்கச் சுவர் இடுப்பளவுக்கு நின்றது. அவள் உள்ளே போய் ஒவ்வொரு இடமாக நின்று பார்த்தாள். குசினி இருந்த மூலையில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். அன்ரோனெற் வெளியே ஒழுங்கையில் நின்றாள், கூப்பிடாமல் போகக் கூடாது என்று. கைருன்னிசா திரும்பிப் பார்த்து, ஏன் அங்கே நிற்கிறாய், உள்ளே வா என்றாள்.

பிள்ளைகள் இங்கே வரமாட்டார்கள், அவர்களுக்குப் புத்தளம்தான் ஊர் என்று அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். தானும் ஓய்வு பெறும்வரை வர முடியாது. ஆனால் விடுமுறைக்கு வந்து தங்க ஒரு அறை போடப் போவதாகச் சொன்னாள். கோப்பில் ஒரு புதுப் பத்தி சேர்க்க வேண்டும், யார் திரும்பினார்கள், யார் இல்லை, யாருடைய பிள்ளைகள் எங்கே என்று. புத்தளத்துப் பக்கத்தை அவள் கேட்டு எழுதுவாள், மன்னார்ப் பக்கத்தை அன்ரோனெற் எழுதவேண்டும், மாதக் கடைசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளலாம். பெயருக்கு இனி எட்டெழுத்துக் கட்டுப்பாடு இல்லைதானே என்று கேட்டாள். இல்லை, எவ்வளவும் எழுதலாம் என்றாள் அன்ரோனெற்.

அந்தப் பயணத்தில் இருநூற்று நாற்பது வளவுகள்தான் முடிந்தன. விடுமுறை முடிந்ததும் கைருன்னிசா புத்தளம் பஸ்ஸில் ஏறினாள். டிசம்பரில் மழை விட்டால் மிச்சத்தைப் பார்க்கலாம் என்றாள். பஸ் புறப்பட்டதும் அன்ரோனெற் கந்தோருக்குப் போய், கணினியைத் திறந்து, கோப்பில் புதுப் பத்தியைச் சேர்த்தாள். முதலாம் வரியில், பள்ளிவாசலடி வீட்டுக்காரரின் முழுப் பெயரையும் அடித்தாள். அவருடைய மூத்த மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பது தெரியவில்லை. கைருவிடம் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் குறித்துவிட்டு, இரண்டாம் வரிக்குப் போனாள்.